கடைசி ஐந்து மில்லிகிராம்

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சாப்பிட்டுவந்த மாத்திரையை நிறுத்தலாம் என்ற நிலை வரும்போது, நம் பக்கத்தில் காதில் விழும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு வாரம் பாதி போடுங்க, அப்புறம் ரெண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதோட விட்டுடுங்க." பலருக்கு இது ஒத்துப்போய்விடுகிறது. ஒத்துப்போகாதவர்களுக்கு மூன்றாம் நாள், நான்காம் நாளில் தொடங்கும். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு. படுத்தால் கட்டில் மிதக்கும். குமட்டல், வியர்வை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, விழித்த பிறகும் விடாத கனவு, தொட்டதற்கெல்லாம் அழுகையும் எரிச்சலும். வீட்டில் "மறுபடியும் வந்துடுச்சு" என்று பயந்துவிடுவார்கள். முழு மாத்திரையைத் திரும்பப் போட்டதும் இரண்டு நாளில் எல்லாம் அடங்கும். மாத்திரை இல்லாமல் இனி வாழவே முடியாது என்ற முடிவுக்கு அவரே வந்துவிடுவார்.

அந்த முடிவு பல நேரங்களில் தவறு. கோளாறு குறைத்த வேகத்தில், அதிலும் கடைசிப் பகுதியைக் கடந்த வேகத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றியது. இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் சொல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும், எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே எழுதுகிறேன்.

முதலில், யார் இப்போது குறைக்கவே கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நோய் முழுதாக அடங்கி ஆறு மாதமாவது ஆகாதவர்கள், இதற்கு முன் மூன்று நான்கு முறை மனச்சோர்வு வந்துபோனவர்கள், சமீபத்தில் தற்கொலை எண்ணம் வந்தவர்கள் ஆகியோர் மருத்துவரோடு உட்கார்ந்து நன்றாகப் பேசாமல் இதைத் தொடவே கூடாது. கர்ப்பம் உறுதியானதும் பயந்துபோய் அன்றே மாத்திரையைத் தூக்கிப்போடுவதும் ஆபத்து. நிறுத்தினால் நோய் திரும்புமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: சிலருக்குத் திரும்பும். பிரிட்டனில் நீண்ட காலமாக மாத்திரை எடுத்து நன்றாக இருந்த 478 பேரை வைத்து நடந்து, 2021ல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், நிறுத்தியவர்களில் 56 சதவீதம். இதைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். நிறுத்தியவர்களிலும் பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த ஓராண்டில் நன்றாகவே இருந்தார்கள் என்பதும் இதே கணக்கில் இருக்கிறது.

மாத்திரையைக் குறைக்கும்போதோ நிறுத்தும்போதோ வரும் இந்த 'விலகல்' தொல்லை எத்தனை பேருக்கு வருகிறது? 2024ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த தொகுப்பாய்வு, மாத்திரையை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு தொல்லை வந்ததாகச் சொல்கிறது. மருந்தின் கணக்கில் மட்டும் வைத்தால் ஆறேழு பேரில் ஒருவர். கடுமையாகப் படுபவர்கள் ஏறத்தாழ 35 பேரில் ஒருவர். பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கு இது கூடுதலாக இருக்கும் என்றே கொள்ள வேண்டும். எல்லோருக்கும் வரும் என்று பயமுறுத்துவதும் தவறு, யாருக்கும் வராது என்று கையை விரிப்பதும் தவறு.

கையில் இருப்பது என்ன மாத்திரை?

வேலை இங்கே தொடங்குகிறது. நம் ஊரில் இந்த வகை மாத்திரைகள் மனநல மருத்துவரிடமிருந்து மட்டும் வருவதில்லை. கால் எரிச்சலுக்கு, ஒற்றைத் தலைவலிக்கு அமிட்ரிப்டிலின். சர்க்கரை நோயாளிக்கு நரம்பு வலிக்கு டுலாக்ஸெட்டின். நெஞ்சு படபடப்புக்கும் "கேஸ் டிரபிளுக்கும்" எஸ்சிட்டலோபிராம். தான் சாப்பிடுவது மனச்சோர்வு வகை மாத்திரை என்றே தெரியாமல் ஒரு மாதம் சீட்டு தொலைந்ததும் விட்டுவிட்டு, தலைசுற்றல், வாந்தி என்று ஸ்கேன் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். அமிட்ரிப்டிலினைத் திடீரென்று விட்டால் குமட்டல், வயிற்றுப்போக்கு, வியர்வை, கனவுகள் என்று வயிற்றிலிருந்து தொடங்கும்.

அடுத்தது, ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. எஸ்சிட்டலோபிராமோடு, பதற்றத்தைத் தணிக்கும் குளோனாஸெபாம் சேர்ந்த மாத்திரை இந்தியாவில் மிகச் சாதாரணம். பெயருக்குப் பின்னால் 'பிளஸ்', 'ஃபோர்ட்', 'எல்எஸ்' என்று ஒரு வால் இருந்தால் அட்டையின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையை வெட்டி ஆறு கொடுக்கும்போது மருந்தின் பெயர் இருக்கும் பகுதி பெட்டியிலேயே தங்கிவிடும். "முழு அட்டையா குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்குவது நல்லது. இந்தக் கூட்டு மாத்திரையை நிறுத்தினால் இரண்டு விலகல் ஒன்றாக வருகிறது. குளோனாஸெபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். இதைப் பாதியாக வெட்டிக் குறைப்பதும் சரியான வழி இல்லை, இரண்டும் ஒரே நேரத்தில் குறையும். மருத்துவரிடம் இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லி, ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைக் குறைப்பதுதான் முறை. எதை முதலில் என்பதை அவர் சொல்லட்டும்.

மூன்றாவது, மருந்து உடம்பை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பது. ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய வென்லாஃபாக்ஸினுக்கு சுமார் 5 மணி நேரம். உடம்பில் அது மாறி உண்டாகும் செயல்படு பொருளுக்கு 11 மணி. டுலாக்ஸெட்டினுக்கு 12, பராக்ஸெட்டினுக்கு 21, செர்ட்ராலினுக்கு 26, எஸ்சிட்டலோபிராமுக்கு 30 மணி நேர அளவில். ஃபுளூவாக்ஸெட்டின் மட்டும் தனி ரகம்: தொடர்ந்து சாப்பிட்டவருக்கு 4 முதல் 6 நாள், அதன் துணைப்பொருளுக்கு இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். வென்லாஃபாக்ஸின், பராக்ஸெட்டின் இரண்டும் விலகலில் கெட்ட பெயர் வாங்கியதற்கு இந்த வேகம் ஒரு முக்கியக் காரணம். ஃபுளூவாக்ஸெட்டின் தானாகவே மெல்ல வடியும். ஆனால் அதில் தொல்லை வந்தால் நிறுத்திய பிறகு வாரங்கள் கழித்து வரும், அதற்குள் மாத்திரையை மறந்தே போயிருப்போம்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்" ஏன் கூடாது என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது. 48 மணி நேர இடைவெளியில் எஸ்சிட்டலோபிராம் மூன்றில் ஒரு பங்காகவும், பராக்ஸெட்டின் ஐந்தில் ஒரு பங்காகவும் இறங்குகிறது. வென்லாஃபாக்ஸினின் செயல்படு பொருள் இருபதில் ஒரு பங்குக்கு வந்துவிடும். மறுநாள் மாத்திரை போட்டதும் மேலே ஏறும். மூளைக்கு இது குறைப்பு இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தித் தொடங்குவது. ஃபுளூவாக்ஸெட்டின் தவிர வேறு எதற்கும் இந்த முறையை ஏற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தினமும், ஒரே நேரத்தில், குறைவான அளவு. அவ்வளவுதான்.

பாதி மாத்திரை பாதி வேலை செய்வதில்லை

2019ல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் லான்செட் சைக்கியாட்ரியில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்த விஷயம் மருத்துவர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது. மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதங்கள் இருக்கின்றன. மருந்து அவற்றை அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு மருந்துக்கு எத்தனை சதவீதம் அடைபடுகிறது என்பதை மூளை ஸ்கேன் மூலம் அளந்திருக்கிறார்கள். சிட்டலோபிராமுக்கு அந்தக் கணக்கு இப்படி: 60 மி.கி.க்கு சுமார் 88 சதவீதம், 20க்கு 80, 9.1க்கு 70, 5.4க்கு 60, 3.4க்கு 50, 2.3க்கு 40, 1.5க்கு 30, 0.8க்கு 20, 0.37க்கு 10.

இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 60லிருந்து 20 வரை, அதாவது 40 மி.கி. குறைத்தால் போவது சுமார் எட்டு சதவீதப் புள்ளிதான். கீழே 0.8லிருந்து 0.37க்கு, அரை மில்லிகிராம்கூட இல்லாத குறைப்புக்குப் பத்துப் புள்ளி போகிறது. நம் ஊரில் அதிகம் எழுதப்படும் எஸ்சிட்டலோபிராம் சிட்டலோபிராமின் செயல்படும் பாதி. அதன் 10 மி.கி. சிட்டலோபிராமின் 20 மி.கி.க்கு ஏறத்தாழச் சமம். அப்படியானால் எஸ்சிட்டலோபிராம் 10லிருந்து 5க்கு வருபவர் 80லிருந்து 70 வாக்கில் இறங்குகிறார். அது எளிதாகப் போய்விடுகிறது. "பாதி குறைச்சே ஒண்ணும் ஆகலியே" என்ற தெம்பில் அடுத்து அந்த 5ஐயும் விடுகிறார். அன்று 70லிருந்து பூஜ்யம். பாறை மலைக்கோட்டையிலிருந்து இறங்குவது போல, மேலே அகலமான படி, கீழே வரவரப் படியே இல்லை. கடைசி ஐந்து மில்லிகிராமில்தான் முழு வேலையும் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு முறையும் இவ்வளவு மில்லிகிராம் என்று குறைக்காமல், அப்போது சாப்பிடும் அளவில் இத்தனை பங்கு என்று குறைக்க வேண்டும். 2022ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன: முந்தைய அளவின் ஒரு பங்கைக் குறை, அளவு சிறிதாகும்போது குறைப்பையும் சிறிதாக்கு, மாத்திரையால் முடியாத இடத்தில் திரவ மருந்துக்குப் போ.

பல ஆண்டுகள் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எடுத்த ஒருவர் மருத்துவரிடம் காட்டிப் பேசுவதற்கு ஒரு மாதிரி வரிசை: 10, 7.5, 5, 3.5, 2.5, 1.7, 1.2, 0.75, 0.4, 0.2, பிறகு நிறுத்தம். இடையில் ஒன்பது அளவுகள். ஒவ்வொன்றிலும் நான்கு வாரம் நின்றால் 36 வாரம். இரண்டு வாரம் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். சில மாதங்கள் மட்டுமே சாப்பிட்டவர் இதில் பாதிப் படிகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் எந்தப் படியிலும் இரண்டு வாரத்துக்குக் குறைவாக நிற்பதில் பொருளில்லை. புதிய அளவு ரத்தத்தில் நிலைப்படவே எஸ்சிட்டலோபிராமுக்கு ஆறு ஏழு நாள் ஆகும். அதன் பிறகுதான் உடம்பு அதைப் பழகத் தொடங்குகிறது. முதல் வாரம் நன்றாக இருக்கிறதே என்று இரண்டாவது வாரமே அடுத்த படியில் கால் வைப்பவர்கள் இரண்டு குறைப்பின் தொல்லையையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

தண்ணீரில் கரைப்பது

3.5 தவிர, 2.5 மி.கி. வரை வெட்டியே வரலாம். மெடிக்கலில் கிடைக்கும் மாத்திரை வெட்டும் சிறிய பெட்டி போதும். 5 மி.கி. மாத்திரையில் பாதி 2.5. இரண்டு பாதியும் கொஞ்சம் ஏறுமாறாக இருந்தாலும் எஸ்சிட்டலோபிராம் போல மெதுவாக வெளியேறும் மருந்தில் இரண்டு நாளில் சமன்படும். கால் மாத்திரையைவிடச் சிறிதாக வெட்ட முயன்றால் கையில் தூள்தான் மிஞ்சும்.

ஃபுளூவாக்ஸெட்டின் போன்ற சிலவற்றுக்குத் திரவ வடிவம் உண்டு. மருத்துவரிடம் முதலில் அதைக் கேளுங்கள். இல்லாதபோது சாதாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து அளந்து எடுக்கும் முறையைப் பல நாடுகளின் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மாத்திரை அட்டையோடு வரும் காகிதத்தில் இது இருக்காது. அதனால் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

தேவையானவை: 5 மி.கி. எஸ்சிட்டலோபிராம் சாதாரண மாத்திரை ஒன்று, மூடியுள்ள சிறிய கண்ணாடிப் பாட்டில், ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று. இன்சுலின் சிரிஞ்ச் வாங்கிவிடாதீர்கள், அதில் இருப்பது யூனிட் கோடுகள், கணக்கு குழம்பும். பாட்டிலில் மாத்திரையைப் போட்டு, பெரிய சிரிஞ்சால் சரியாக 10 மி.லி. தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் மேல் பூச்சு உரிந்து மாத்திரை உதிரும். உதிராவிட்டால் முதலிலேயே இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கிப் போடலாம். மூடியை இறுக்கி அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். இது தெளிந்த கரைசலாக ஆகாது, பால் போலக் கலங்கி, வைத்தால் வெள்ளைப் பொடி அடியில் படியும். அதனால் குலுக்கிய கையோடு, படிவதற்குள், நடுப்பகுதியிலிருந்து இழுக்க வேண்டும். குலுக்கி வைத்துவிட்டு அடுப்பில் பாலை இறக்கிவிட்டு வந்து எடுத்தால் அன்றைக்கு அளவு தவறும்.

இப்போது 1 மி.லி.யில் 0.5 மி.கி. இருக்கிறது. 3.5 மி.கி. வேண்டுமானால் 7 மி.லி. 1.7க்கு 3.4 மி.லி., 1.2க்கு 2.4, 0.75க்கு 1.5, 0.4க்கு 0.8, 0.2க்கு 0.4 மி.லி. 1 மி.லி.க்குக் கீழே வந்ததும் சிறிய சிரிஞ்சுக்கு மாறுங்கள். சிரிஞ்சுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் நுனியை மேலே பிடித்துத் தட்டி வெளியேற்றிவிட்டு அளவைப் பாருங்கள். நேராக வாயில் விட்டு, மேலே ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்கு எடுக்கலாம் என்ற சிக்கனம் வேண்டாம். தண்ணீரில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. தினமும் ஒரு மாத்திரை செலவாகும், சில ரூபாய்தான். செர்ட்ராலினையும் கரைக்கலாம், ஆனால் கசப்பு தாங்காது, நாக்கு கொஞ்ச நேரம் மரத்துப்போகும்.

எக்ஸ்ஆர், எஸ்ஆர், சிஆர், இஆர் என்று எழுதியிருப்பவற்றை வெட்டவோ நசுக்கவோ கரைக்கவோ கூடாது. ஒரு நாள் முழுக்க மெல்ல வெளிவர வேண்டிய மருந்து ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடும். டுலாக்ஸெட்டின் உருண்டைகளை நசுக்கினால் வயிற்று அமிலத்தில் மருந்தே கெட்டுப்போகும். இவை கேப்ஸ்யூலாக, உள்ளே நொய் போன்ற உருண்டைகளோடு இருந்தால், உருண்டைகளை எண்ணிக் குறைப்பது ஒரு வழி. ஃபேனை முதலில் நிறுத்துங்கள். கறுப்புத் தட்டு அல்லது அடர்நிறத் துணிமேல் கேப்ஸ்யூலைத் திருகித் திறந்து கொட்டி, பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணுங்கள். நூறு இருந்து பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டுமானால் பத்தை எடுத்துவிட்டு மீதியை அதே கேப்ஸ்யூலில் போட்டு மூடி விழுங்க வேண்டும், உருண்டையைக் கடிக்கக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி எண்ணிக்கை மாறும். சில கேப்ஸ்யூல்களுக்குள் இரண்டு மூன்று குட்டி மாத்திரைகள் மட்டுமே இருக்கும். ஆகவே குறைக்கும் காலம் முழுவதும் ஒரே கம்பெனி மருந்தையே வாங்குங்கள். "இதுவும் அதேதான், கம்பெனிதான் வேற" என்று மெடிக்கலில் சொன்னால், மற்ற நேரத்தில் சரி, இப்போது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வென்லாஃபாக்ஸின், பராக்ஸெட்டினில் மெல்லக் குறைத்துப் பார்த்தும் முடியாதவர்களை ஃபுளூவாக்ஸெட்டினுக்கு மாற்றி, அதிலிருந்து இறக்குவது மருத்துவர்கள் செய்யும் இன்னொரு வழி. அதை வீட்டில் செய்யக் கூடாது, இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

விலகலா, நோயா?

குடும்பம் குழம்பும் இடம் இது. சில அடையாளங்கள் உண்டு. குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கினால் விலகல் பக்கம் சாயலாம்; நோய் திரும்புவது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து, மெல்ல மெல்ல. தலைக்குள் கரண்ட் அடிப்பது, தலைசுற்றல், குமட்டல், தோலில் ஊசி குத்துவது ஆகியவை முன்பு நோயின்போது இல்லாமல் இப்போது புதிதாக வந்தவை என்றால் அதுவும் விலகலையே காட்டும். விலகல் அலை அலையாக வரும்: காலையில் தாங்க முடியாது, மாலையில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். முந்தைய அளவுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். திரும்பிய நோய் அடங்க வாரக்கணக்காகும். ஆனால் இவை கணிப்புகள்தான். இரண்டும் சேர்ந்தும் வரலாம். எதிலும் ஆர்வமில்லாமல், குளிக்கவும் எழாமல், "நான் இருந்து என்ன" என்ற பேச்சு இரண்டு வாரமாக நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், இது விலகல்தான் என்று வாதாடிக்கொண்டிருக்கக் கூடாது.

நினைவை நம்பாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, அளவு, எடுத்த நேரம், தூங்கிய மணி, தொல்லை பத்துக்கு எவ்வளவு. ஐந்து விஷயம், ஒரு வரி. மூன்றாவது படியிலேயே உங்கள் உடம்பின் போக்கு தெரியும்: எத்தனையாவது நாள் ஏறுகிறது, எத்தனையாவது நாள் இறங்குகிறது. மருத்துவர் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ளவும் இந்த ஒரு பக்கம் போதும்.

ஒரு படியில் தொல்லை பத்துக்கு நான்கு அளவில் இருந்தால் அங்கேயே நின்று கூடுதலாக இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். ஏழு எட்டு என்று வேலைக்கே போக முடியாவிட்டால் முந்தைய படிக்குத் திரும்பி, நிலைப்பட்ட பிறகு பாதி அளவு குறைப்போடு மீண்டும் தொடங்குங்கள். திரும்புவது தோல்வி ஆகாது. ஆரம்பத்தின் முழு அளவுக்குத் தாவ வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருக்காது.

இனி, தொல்லை வந்ததும் மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் மாத்திரைகள். தலைசுற்றலுக்குக் கொடுக்கப்படும் புரோகுளோர்பெராஸின், அதாவது ஸ்டெமெட்டில், தானே ஒருவித உள் பதைப்பை உண்டாக்கக்கூடியது: உட்கார முடியாது, நிற்க முடியாது, கால் நடந்துகொண்டே இருக்கும். விலகலிலும் இதே பதைப்பு வரலாம் என்பதால் எது எதனால் என்றே தெரியாமல் போகும். வாந்திக்கு வாங்கும் ஆன்டான்செட்ரான், டாம்பெரிடோன் இரண்டும் எஸ்சிட்டலோபிராம், சிட்டலோபிராமோடு சேரும்போது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கலாம். இதயக் கோளாறு உள்ளவர்கள், வயதானவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. வலிக்கு டிரமடால் வேண்டாம், செரோடோனின் அளவோடு விளையாடும். தூக்கத்துக்கு அல்பிரஸோலம் வாங்கித் தொடங்கினால் அடுத்த வருடம் அதைக் குறைக்க இன்னொரு கட்டுரை தேடவேண்டிவரும். குமட்டலுக்கு இஞ்சி, சிறுகச் சிறுகச் சாப்பாடு, மாத்திரையை உணவோடு எடுப்பது. தூக்கத்துக்கு, எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது, மதியத்துக்குப் பிறகு காபி டீ இல்லாமல் இருப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் புதுத் தொல்லை எதையும் சேர்க்காது. மது அன்றிரவு அமைதி தரும், மறுநாள் காலை பதற்றத்தை இரண்டு மடங்காக்கும்.

நம் ஊர், நம் காலண்டர்

எப்போது தொடங்குவது என்பதில் வேலூர், ஆற்காடு, ஆம்பூர்க்காரர்கள் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். விலகலில் வியர்வை கூடும், தூக்கம் ஏற்கனவே கெட்டிருக்கும். இந்த மாத்திரைகள் சிலருக்கு, குறிப்பாக ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரையும் எடுக்கும் முதியவர்களுக்கு, உடம்பில் உப்பைக் குறைக்கும். அதன் தள்ளாட்டமும் குழப்பமும் விலகல் போலவே தெரியும். ஒரு சோடியம் ரத்தப் பரிசோதனை அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். பெரிய படிகளை ஏப்ரல், மே மாதங்களில் வைக்காமல், அப்போது இருக்கும் அளவிலேயே நின்றுவிடுவது நல்லது. ஷீட் போட்ட வீட்டில் மாத்திரையை அலமாரியின் மேல் தட்டில் வைக்காதீர்கள். பெரும்பாலான அட்டைகளில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லித்தான் இருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் ரமலான் நோன்பு இருப்பவர்கள் ஒரு வேளை மாத்திரையை சஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றினால் போதும், ஆனால் மாதம் முழுக்க ஒரே வேளையில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை வென்லாஃபாக்ஸின் எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த மாதத்தில் புதுக் குறைப்பு வேண்டாம். சபரிமலைக்கு மாலை போட்டதும் "இங்கிலீஷ் மருந்து வேண்டாம்" என்று மாத்திரையை நிறுத்துவதும் இதே வகையில் ஆபத்து. விரதத்துக்காக மருந்தை விட வேண்டியதில்லை.

ஷூ கம்பெனியில் தையல் மெஷினில், தோல் வெட்டும் பிரஸ்ஸில் வேலை செய்பவர்கள் சனிக்கிழமை இரவு குறைக்காதீர்கள். தொல்லை பெரும்பாலும் மூன்றாம் நான்காம் நாளில் ஏறும்; அது செவ்வாய், புதனில் விழும். புதன் இரவு குறைத்தால் கடினமான நாள் சனி, ஞாயிறில் வரும். பைக் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். வேலூர் கிரீன் சர்க்கிளில் இரண்டு பக்கமும் கண்ணைத் திருப்பித் திருப்பி வண்டி பார்க்கும்போதுதான் அந்தக் கரண்ட் வெட்டு அதிகமாகத் தெரியும். அந்த வாரம் பஸ்ஸில் போய்விடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "இன்னும் எவ்ளோ நாளைக்குப்பா இந்த மாத்திரய துன்னுவ?" என்று கேட்கும் அம்மாவுக்கு இருப்பது அக்கறைதான். ஆனால் 36 வாரத் திட்டத்தை ஆறு வாரமாக்குவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். திட்டத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி, இந்த மாதம் எந்த அளவு என்று எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் அவசரம் குறையும்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தருவது அதன் நெடுநாள் வழக்கம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. இரவு நேரத்தில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே கிடைக்கும், கட்டணம் இல்லை. உட்கார முடியாத பதைப்பு மணிக்கணக்காக நீடித்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தூக்கமே இல்லாமல் பேச்சும் வேகமும் தறிகெட்டு ஏறினாலோ அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்துப் பக்கத்து மருத்துவமனைக்குப் போய், எந்த மாத்திரையை எந்தத் தேதியில் எவ்வளவு குறைத்தீர்கள் என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பூஜ்யத்துக்கு வந்த பிறகும் நோட்டை மூடிவிடாமல் ஆறு மாதம் எழுதுங்கள். முதல் மாதம் விலகல் மிச்சம் இருக்கலாம். நோய் திரும்புவதானால் முதல் ஆறு மாதத்தில் கவனம் அதிகம் தேவை. கடைசியாகப் பயன்படுத்திய அளவு மாத்திரையில் ஒரு அட்டையைக் காலாவதி தேதி பார்த்துப் பத்திரமாக வைத்திருங்கள். நிறுத்திய சில வாரத்துக்குள் தொல்லை தாங்க முடியாமல் வந்தால், மருத்துவரிடம் ஃபோனில் கேட்டுவிட்டு மிகச் சிறிய அளவில் திரும்பத் தொடங்க அது உதவும். மாதங்கள் கழித்து வந்தால் அந்த அட்டையைத் தொடாமல் நேரில் போங்கள். வேறு மருந்துகள் எடுப்பவர்கள் அவற்றின் அளவையும் அந்தச் சந்திப்பில் கேட்டுவிடுங்கள்: பராக்ஸெட்டினும் ஃபுளூவாக்ஸெட்டினும் மெட்டோப்ரோலால் என்ற ரத்த அழுத்த மாத்திரையை உடம்பில் தேக்கிவைப்பவை, அவை போனதும் பழைய அளவு மெட்டோப்ரோலால் போதாமல் போகலாம்.